அல்ஜீரியாவின் சாலைகளும் ரயில்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவிலேயே பரப்பளவில் பெரிய நாடு அல்ஜீரியா. வேலைக்காக அங்கே போகிறவர்கள், சகாராவைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், வரைபடத்தில் மணலுக்கு நடுவே ஓடும் கோட்டைப் பார்த்து இது எப்படி முடிந்தது என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். விஷயம் கனமாக இருக்கும் இடத்தில் பதிலும் நீளும்.

நாடு எவ்வளவு பெரியது? மக்கள் எங்கே வாழ்கிறார்கள்?

பரப்பளவு சுமார் 23.8 லட்சம் சதுர கி.மீ. இந்தியாவின் பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மக்கள்தொகை ஏறத்தாழ 4.7 கோடிதான். அதிலும் பத்தில் ஒன்பது பேர் வடக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிய குறுகலான பட்டையில் வாழ்கிறார்கள். மீதி நிலத்தில் பெரும்பகுதி சகாரா.

அல்ஜீரியப் போக்குவரத்தைப் பற்றி எதைப் பேசினாலும் இந்தக் கணக்கு உள்ளே வந்துவிடும். ஆட்கள் ஒரு பக்கம். எண்ணெய், எரிவாயு, இரும்பு எல்லாம் இன்னொரு பக்கம். நடுவே ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர். வடக்கே போடும் சாலைக்கு நெரிசல்தான் தலைவலி. தெற்கே போடும் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது என்பது கேள்வியே இல்லை, அந்தச் சாலை இல்லாவிட்டால் அங்கே ஊரே இருக்க முடியாது.

கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை என்பது எது?

துனிசிய எல்லையிலிருந்து மொராக்கோ எல்லை வரை வடக்கு முழுவதையும் கோத்துச் செல்லும் ஆறு வழிச் சாலை. நீளம் 1,216 கி.மீ. அன்னாபா, கான்ஸ்டன்டைன், செதிஃப், அல்ஜியர்ஸ் சுற்றுப்புறம், ஓரான் பக்கம், தெலெம்சென் என்று பெரிய ஊர்கள் பலவற்றையும் தொட்டுவிடும். நடுப்பகுதியையும் மேற்கையும் சீன நிறுவனங்கள் கட்டின. கிழக்குப் பகுதி ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டமைப்புக்குப் போனது.

பிரச்சினை கிழக்கில்தான் வந்தது. மலை, ஈரநிலம், பணம் கொடுப்பதில் தகராறு என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. 2014 ஜனவரியில் கான்ஸ்டன்டைன் அருகே ஜெபல் உவாஷ் சுரங்கப்பாதையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஜப்பானியக் கூட்டமைப்புடன் வைத்திருந்த ஒப்பந்தமும் முறிந்தது. கடைசி 84 கி.மீ. 2023 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. வேலை தொடங்கி 15 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. செலவு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. இடையில் லஞ்ச வழக்கு ஒன்று நடந்து, 2015-இல் நீதிமன்றம் பலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தச் சாலை நாட்டையே மாற்றியது என்று தயங்காமல் சொல்வேன். மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஒரு முழு நாளைத் தின்ற பயணங்கள் அரை நாளில் முடிகின்றன. சுங்கச்சாவடிகளைக் கட்டி வைத்தும் பல ஆண்டுகளாகக் கட்டணம் வசூலிக்கவே இல்லை. ஓட்டுகிறவருக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் பராமரிப்புச் செலவு முழுவதும் அரசுக் கஜானாவின் தலையில் விழுகிறது. திறந்து சில ஆண்டுகளிலேயே பெயர்த்துவிட்டு மறுபடி போட வேண்டி வந்த பகுதிகளும் உண்டு.

டிரான்ஸ்-சகாரா நெடுஞ்சாலை உண்மையிலேயே இருக்கிறதா, திட்டம் மட்டும்தானா?

இருக்கிறது. அல்ஜியர்ஸிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் வரை முதன்மைப் பாதை சுமார் 4,500 கி.மீ. துனிசியா, மாலி, சாட் நாடுகளுக்குக் கிளைகள் பிரிகின்றன. பேச்சு 1960-களிலேயே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்க ஒற்றுமைச் சாலை என்றே அல்ஜீரியர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

அல்ஜீரியாவுக்குள் கர்தாயா, எல் மெனியா, இன் சாலா, தமன்ராசெட் வழியாக நைஜர் எல்லையில் உள்ள இன் குஸ்ஸாம் வரை தார்ச்சாலை போகிறது. எல் மெனியாவுக்குத் தெற்கே 1970-களில் இந்தச் சாலையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த இளைஞர்கள். வடக்கே கடற்கரை ஊர்களில் வளர்ந்த பையன்கள் மணலில் கூடாரம் போட்டு, தண்ணீரையும் ஜல்லியையும் லாரியில் வரவழைத்து, கிலோமீட்டர் கிலோமீட்டராக முன்னேறினார்கள். 1970-களின் இறுதியில் தார் தமன்ராசெட்டைத் தொட்டது. அந்தத் தலைமுறை இன்று தாத்தாக்களாகிவிட்டது. அவர்கள் வியர்வை சிந்திய சாலையில்தான் இன்றும் தெற்குக்குக் காய்கறி போகிறது, சிமென்ட் போகிறது, மருந்து போகிறது.

எல்லைக்கு அப்பால் கதை வேறு. நைஜருக்குள் அசமக்காவுக்கும் அர்லித்துக்கும் இடையே நீண்ட காலம் தார் கிடையாது, வெறும் மணல் தடம்தான். அப்படிப்பட்ட தடங்களில் டயர்கள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, தரை முழுக்கக் குறுக்கே சிறு சிறு வரப்புகளாக இறுகிவிடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரப்பிலும் வண்டி அதிர்ந்து நட்டு போல்ட்டு கழன்றுவிடும். அனுபவமுள்ள லாரி ஓட்டுநர்கள் 70, 80 கி.மீ. வேகத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வேகத்தில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் வரப்புகளின் மேலேயே தாவிச் செல்லும், அதிர்வும் குறையும். ஆனால் பிரேக் பிடிக்காது, ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்காது. விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

இந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாம் வியாபாரிகளா?

இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வேலை தேடி வடக்கே வருகிறவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். பிடிபட்டவர்களை அல்ஜீரியா லாரிகளில் ஏற்றித் தெற்கே அனுப்புகிறது. பலரை எல்லை அருகே பாலைவனத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து அசமக்கா வரை சுமார் 15 கி.மீ. நடக்க வேண்டும். குழந்தைகளோடு நடந்தவர்களைப் பற்றி உதவி அமைப்புகள் ஆண்டுக்கணக்காக எழுதி வருகின்றன. ஒற்றுமையின் பெயரில் போட்ட சாலையின் முனையில் இது நடக்கிறது என்பதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேச என்னால் முடியவில்லை.

மணல் சாலையை மூடிவிடாதா?

மூடும். காற்று அடிக்கும்போது மணல் துகள்கள் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே குதித்துக் குதித்து நகர்கின்றன. வழியில் எது தடுத்தாலும் அதன் பின்னால் குவிந்துவிடும். ஒரு கல், ஒரு பழைய டயர் போதும். அதனால் பாலைவனத்தில் சாலையைச் சுற்றியுள்ள தரையைவிடச் சற்று உயர்த்தி, இரு பக்கமும் மிகச் சாய்வாகச் சரித்துப் போடுகிறார்கள். காற்று தடையில்லாமல் மேலேறிக் கடந்து போனால் சாலையைத் தானே கூட்டிவிட்டுப் போய்விடும்.

மணல்மேடு நகரும் திசையில் பேரீச்ச ஓலைகளை நட்டு வேலி கட்டுவது பாலைவனச் சோலைக்காரர்களின் பழைய முறை. ஓலை வேலி காற்றை முழுவதும் தடுப்பதில்லை, வேகத்தை மட்டும் குறைக்கிறது. மணல் அங்கேயே விழுந்து மேடாகிறது. வேலி புதைந்ததும் அதன் மேலேயே இன்னொரு வேலி நடுவார்கள். எவ்வளவு செய்தாலும் கடைசியில் லோடர் வண்டிதான் வர வேண்டும். ஒரு பெருங்காற்றில் மூடிய சாலையை மறுநாள் காலையில் வாரித் தள்ளுவதற்கு ஆளும் வண்டியும் டீசலும் தயாராக இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், படம் எடுப்பார்கள். இந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. பாலைவனச் சாலையின் ஆயுளைத் தீர்மானிப்பவர்கள் இந்த லோடர் ஓட்டுநர்கள்தான்.

மணல் வடக்கே ஏறிவராமல் இருக்க, 1970-களின் தொடக்கத்தில் கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு எல்லை வரை 1,500 கி.மீ. நீளத்துக்கு மரம் நடும் பசுமை அணைத் திட்டத்தையும் தொடங்கினார்கள். ஒரே வகைப் பைன் மரத்தை நட்டதால் பூச்சி அரித்தும் வறண்டும் பல இடங்களில் போய்விட்டது. இப்போது மறுபடி உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

ரயில் எப்போது வந்தது?

பிரெஞ்சு ஆட்சியில். அல்ஜியர்ஸ்-ப்ளிடா பாதை 1862-இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு போட்ட பாதைகளின் நோக்கம், உள்ளே விளைவதையும் தோண்டுவதையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது. அர்ஸெவ் துறைமுகத்திலிருந்து சைதா பக்கம் போன குறுகிய பாதை எதற்காக வந்தது தெரியுமா? பிரிட்டனின் காகித ஆலைகளுக்கு அல்ஃபா புல் ஏற்றுமதி செய்ய! பின்னாளில் அதுவே தென்மேற்குப் பாலைவன ஊரான பெஷார் வரை நீண்டது. இப்படித் துண்டுதுண்டாகப் போட்டதால் அகலமும் இரண்டு விதம். பெரும்பாலும் 1,435 மி.மீ., சில இடங்களில் 1,055 மி.மீ. ஒரு வண்டி இன்னொன்றில் ஓடாது. குறுகிய பாதைகளை அகலப்படுத்தும் வேலையே பல பத்தாண்டுகள் பிடித்தது.

விடுதலை 1962-இல். 1976-இல் எஸ்.என்.டி.எஃப். என்ற அரசு ரயில்வே நிறுவனம் உருவானது. இன்று பாதையின் நீளம் 4,000 கி.மீ.க்கு மேல். அல்ஜியர்ஸ் புறநகரில் மின்சார ரயில் ஓடுகிறது. தொலைதூர ஊர்களுக்கு ஆல்ஸ்தோம் நிறுவனத்தின் கொராடியா ரயில்கள் 2018 முதல் ஓடுகின்றன. 1990-களின் உள்நாட்டுப் போரில் ரயில்வே பட்ட அடி கொஞ்சமல்ல. தண்டவாளம் தகர்ப்பு, ரயில்மேல் தாக்குதல், நிலையம் எரிப்பு என்று பத்தாண்டுகள் போயின. பயணிகள் பேருந்துக்கும் ஷேர் டாக்சிக்கும் மாறிவிட்டார்கள். அவர்களைத் திரும்ப ரயிலுக்குக் கொண்டுவருவது இன்னும் முடியவில்லை.

சகாராவைக் கடக்கும் ரயில் பாதை போட யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள், ரத்தத்தோடு. 1881-இல் பாதைக்கு நில அளவை செய்யப் போன பிரெஞ்சு கர்னல் ஃபிளாட்டர்ஸின் குழுவைச் சகாராவின் நாடோடிகளான துவாரெக் மக்கள் தாக்கிக் கொன்றார்கள். தங்கள் நிலத்துக்குள் அந்நியன் இரும்புப் பாதை போடுவதை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்?

இரண்டாவது முயற்சி இன்னும் கொடுமையானது. 1941-இல், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு, மத்தியதரைக் கடலையும் நைஜர் ஆற்றையும் இணைக்கும் பாதையைத் தொடங்கியது. வேலைக்கு வைத்தவர்கள் கைதிகள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிவந்த குடியரசுப் படையினர், யூதர்கள், நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். வெயிலில் கல்லுடைத்து, பட்டினியிலும் அடியிலும் செத்தவர்கள் பலர். ஹஜரத் மகில் என்ற முகாமின் பெயர் இன்றும் அந்தக் கொடுமைக்கு அடையாளமாக நிற்கிறது. பெஷார் சுற்றுவட்டாரத்தைத் தாண்டிப் பாதை அதிகம் போகவில்லை. 1949-இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

இப்போது அல்ஜியர்ஸிலிருந்து தமன்ராசெட் வரை ரயில் விடுவோம் என்று அரசு சொல்கிறது. லக்வாத் வரை பாதை வந்துவிட்டது. அடுத்தது கர்தாயா, எல் மெனியா.

காரா ஜெபிலெத் ரயில் பாதையைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

தென்மேற்கு மூலையில் திந்தூஃப் அருகே காரா ஜெபிலெத் என்ற இடத்தில் மிகப் பெரிய இரும்புத்தாது வயல் இருக்கிறது. மதிப்பீடு சுமார் 350 கோடி டன். 1952-இல் கண்டுபிடித்தார்கள். அப்புறம் எழுபது ஆண்டுகள் அது மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

காரணங்கள் இரண்டு. தாதுவில் பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் கலந்தால் எஃகு நொறுங்கும், பிரித்தெடுக்கச் செலவாகும். இன்னொன்று அரசியல். வரைபடத்தைப் பார்த்தால் அங்கிருந்து அருகிலுள்ள கடல் அட்லாண்டிக். ஆனால் அதற்குப் போக மொராக்கோவைக் கடக்க வேண்டும். 1972-இல் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தம் செய்தபோது, தாதுவைச் சேர்ந்து வெட்டி மொராக்கோ கடற்கரை வழியாக அனுப்பலாம் என்றுகூடப் பேசினார்கள். மூன்றே ஆண்டுகளில், ஸ்பெயின் விட்டுச்சென்ற மேற்கு சகாரா யாருக்கு என்ற பிரச்சினை வெடித்தது, பேச்சு அத்தோடு நின்றது.

ஆகவே அல்ஜீரியா வடக்கே திரும்பியது. காரா ஜெபிலெத்திலிருந்து திந்தூஃப் வழியாக பெஷார் வரை 950 கி.மீ. புதுப் பாதை, அங்கிருந்து ஏற்கெனவே உள்ள பாதையில் ஓரான். மொத்தம் 1,500 கி.மீ.க்கு மேல். 2023 நவம்பர் இறுதியில் ஜனாதிபதி தெப்பூன் பெஷாரில் வேலையைத் தொடங்கிவைத்தார். சீன ரயில்வே கட்டுமான நிறுவனமும் அல்ஜீரிய அரசு நிறுவனங்களும் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டன.

இது லாபமா என்று கேட்டால், தாதுவை மட்டும் கணக்கிட்டால் சந்தேகம்தான். ஆனால் திந்தூஃப் மக்களுக்கு முதல்முறையாக ஒரு ரயில் கிடைக்கிறது. அதை டன் கணக்கில் எடைபோட முடியாது.

அல்ஜியர்ஸ் மெட்ரோ எப்படி?

ஆப்பிரிக்காவில் கெய்ரோவுக்கு அடுத்து வந்த இரண்டாவது மெட்ரோ. 1980-களில் தோண்டத் தொடங்கினார்கள். 1986-இல் எண்ணெய் விலை விழுந்தது, கையில் பணமில்லை. பிறகு போர். பாதி தோண்டிய குழிகளை நகரம் இருபது ஆண்டுகள் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் 2011 நவம்பர் முதல் தேதி பயணிகள் ஏறினார்கள். இப்போது ஒரே தடம், 18 கி.மீ.க்குச் சற்று அதிகம், 19 நிலையங்கள். எல் ஹர்ராஷிலிருந்து விமான நிலையத்துக்கு நீட்டிக்கிறார்கள்.

தியாகிகள் சதுக்க நிலையத்தை நேரில் பார்க்க வேண்டும். கஸ்பா என்ற பழைய நகரின் அடிவாரத்தில் தோண்டியபோது ஒன்றின் கீழ் ஒன்றாக வரலாறு வெளிப்பட்டது. ஒட்டோமான் காலக் கட்டடங்கள், பைசாந்தியக் கல்லறைகள், ரோமானியர் காலத் தேவாலயத்தின் மொசைக் தரை. வேலையை நிறுத்தி, அகழாய்வு முடித்து, நிலையத்தை இன்னும் ஆழத்தில் கட்டி 2018-இல் திறந்தார்கள். தாமதத்துக்காக அன்று எரிச்சலடைந்தவர்களும் இன்று அந்த முடிவைக் குறை சொல்வதில்லை.

டிராம், ரோப் கார்?

அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன், சிதி பெல் அப்பெஸ், வார்க்லா, செதிஃப், மொஸ்தகனெம் என்று ஏழு நகரங்களில் டிராம் ஓடுகிறது. வார்க்லா சகாராவில் இருக்கிறது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏசி டிராம் என்பது ஆடம்பரமில்லை.

ரோப் கார் இங்கே சுற்றுலா விளையாட்டு அல்ல, தினசரிப் போக்குவரத்து. அல்ஜியர்ஸின் முதல் ரோப் கார் 1956-இல் வந்தது. கான்ஸ்டன்டைன் நகரம் ரும்மெல் ஆற்றின் ஆழமான பிளவின் இரு கரையிலும் நிற்கிறது. 1912-இல் திறந்த சிதி மசீத் தொங்குபாலம் ஆற்றுக்கு 175 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. பக்கத்திலேயே 2008 முதல் ரோப் கார் ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் பள்ளத்தாக்கின் மேலே மிதந்து போகிறார்கள்.

சாதாரண மக்கள் ஊர் விட்டு ஊர் எப்படிப் போகிறார்கள்?

பேருந்தும் ஷேர் டாக்சியும். டாக்சி நிலையத்தில் ஓட்டுநர்கள் ஊர்ப் பெயரைக் கூவுவார்கள். ஆள் நிறைந்ததும் வண்டி கிளம்பும், நேர அட்டவணை கிடையாது. பெட்ரோல் லிட்டர் அரை டாலருக்கும் குறைவு என்பதால் கட்டணமும் தாங்கும். சிர்காஸ் என்ற கேஸ் இன்னும் மலிவு, டாக்சிகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன.

பேருந்துகளில் பழசு அதிகம். 2025 ஆகஸ்டில் அல்ஜியர்ஸில் ஒரு பேருந்து பாலத்திலிருந்து எல் ஹர்ராஷ் ஆற்றுக்குள் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அதன் பிறகே 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பேருந்துகளை நிறுத்த அரசு உத்தரவிட்டது. பேருந்து நிறுவனங்களையே குற்றம் சொல்வது எளிது. ஆனால் புது வண்டி, உதிரிபாக இறக்குமதிக்கு ஆண்டுக்கணக்காகக் கட்டுப்பாடு இருந்த நாட்டில் பழைய வண்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

எண்ணெய், எரிவாயு எப்படி வெளியே போகிறது?

குழாய் வழியாகவும் கப்பலிலும். ஹாஸ்ஸி ரமேல் எரிவாயு வயலிலிருந்து துனிசியா வழியாக இத்தாலிக்கு 1983 முதல் குழாய் இருக்கிறது. கடலடியில் நேரே ஸ்பெயினுக்குப் போகும் மெட்காஸ் 2011-இல் வந்தது. மொராக்கோ வழியாகப் போன குழாயை 2021 அக்டோபர் இறுதியில் நிறுத்தினார்கள். எரிவாயுவைத் திரவமாக்கி வணிக அளவில் கப்பலில் அனுப்பும் தொழில் உலகிலேயே முதலில் அர்ஸெவில்தான், 1964-இல் தொடங்கியது.

தெற்கே வரும் குழாயும் ஒன்று உண்டு. 2011 முதல் இன் சாலாவின் நிலத்தடி நீர் 750 கி.மீ. பயணம் செய்து தமன்ராசெட்டின் குழாயடிக்கு வருகிறது. என்னைக் கேட்டால் நாட்டின் மிகச் சிறந்த கட்டுமானம் இதுதான்.

பக்கத்து நாடுகளுக்குத் தரைவழியாகப் போகலாமா?

துனிசியாவுக்குப் போகலாம். அன்னாபா-துனிஸ் ரயில்கூட ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மொராக்கோவுக்கு முடியாது, தரை எல்லை 1994 முதல் மூடியிருக்கிறது. ஆறு வழிச் சாலை எல்லையில் போய் முட்டி நிற்கிறது. மொரித்தானியாவுக்கு திந்தூஃபிலிருந்து சுவேரத் வரை சுமார் 840 கி.மீ. சாலை போடும் வேலையை 2024 பிப்ரவரியில் இரு நாட்டு ஜனாதிபதிகளும் சேர்ந்து தொடங்கினார்கள்.

தெற்கே சுற்றுலா போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நேரம் குறைவென்றால் தமன்ராசெட்டுக்கும் ஜானெட்டுக்கும் விமானத்தில் போங்கள். சகாராவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மூலம் வந்தால், விமான நிலையத்திலேயே விசா தரும் முறை 2023-இல் வந்தது. அந்த ஏஜென்சியின் வழிகாட்டி இல்லாமல் பாலைவனத்துக்குள் போக முடியாது. பல பாதைகளில் ஜெந்தார்ம் என்ற ராணுவப் போலீஸின் வண்டி துணைக்கு வரும்.

சாலையில் போவதானால் பங்க் கண்ணில் பட்ட இடத்தில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்தது 200, 300 கி.மீ. தள்ளி இருக்கலாம், அங்கே ஸ்டாக் இல்லாமலும் இருக்கலாம். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஒட்டகத்தின் கால்கள் மட்டுமே ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியும், உடல் அதற்கு மேலே இருட்டில் இருக்கும். மோதினால் காலைத் தட்டிவிட்டு முழு எடையும் கண்ணாடி மேல் வந்து விழும்.